அக்னி நதி எழுதிய குர்ரத்துலைன் ஹைதர்

(ஓசூரில் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சரித்திர நாவல் என்றதும் நமக்கு ராஜாவும் ராணியும், குதிரையும் வாளும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பாதையை விட்டு விலகி எழுதிய ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் உருது நாவலாசிரியை குர்ரத்துலைன் ஹைதர்.

அவருடைய தகப்பனார் சஜ்ஜாத் ஹைதர் துருக்கி மொழி கற்றவர். அந்நாட்டுக் கதைகளை உருதுவில் பெயர்த்தவர். துருக்கியின் மேல் கொண்ட பற்றால் 'யில்திரிம்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். துருக்கி மொழியில் அதற்கு மின்னல் என்று பொருள். தாயார் நஸ்ர் சஜ்ஜாதும் நாவல் எழுதியவர். பிறர் மொழியைப் பகையாக எண்ணாத அந்த வீட்டில் வளர்ந்தார் மகள்.

1947இல் தேசம் பிளவுபட்டது. அவர் பாகிஸ்தான் போனார். 1959இல் 'ஆக் கா தரியா' வெளிவந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் இதைத் தமிழில் 'அக்னி நதி' என்று வெளியிட்டது. கதை கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் முடிகிறது. கௌதம், சம்பா, கமால் என்ற பெயர்கள் யுகத்துக்கு யுகம் திரும்ப வருகின்றன. இந்த நாட்டையே தன் நாடாக நினைத்த கமால், கடைசியில் இங்கு வேலை கிடைக்காமல் பாகிஸ்தான் போகிறான். பல இனத்தாரும் பல மதத்தாரும் கலந்து ஓடிய ஆற்றைக் கோடு போட்டுப் பிரிக்க முடியுமா? இதுதான் நாவலின் கேள்வி. ஆசிரியையும் சில ஆண்டுகளில் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். 1989ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றார். 2007இல் காலமானார்.

"பெரிய வீட்டுக் கதைதானே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். ஜமீன் குடும்பங்களையே அவர் அதிகம் எழுதினார் என்பது மெய். ஆனால் லக்னோவில் அற்பக் கூலிக்குச் சிக்கன் பூவேலை செய்யும் பெண்ணையும் எழுதினார். வங்கத்தில் புரட்சி பேசிய சிலர் பின்னாளில் பதவியிலும் சுகத்திலும் அமர்ந்துவிட்டதையும் ஒரு நாவலில் கேட்டார். அந்தக் கேள்வி நமக்கும் உரியது.

தோழர்களே, ஓசூரில் ஒரே ஷிப்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். தளிப் பக்கத்து வயலிலும் அப்படித்தான். மொழியைச் சொல்லி நம்மைப் பிரித்தால் கூலியைக் குறைப்பவனுக்கே லாபம். பக்கத்தில் நிற்பவரின் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். சங்கம் வலுப்பட அதுவும் ஒரு வேலை.