கரையும் சாரம்

வீடு கட்டும் இடங்களில் சவுக்குக் கழிகளைக் கயிற்றால் பிணைத்துச் சாரம் கட்டியிருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். சுவர் எழும்பிப் பூச்சு வேலையும் முடிந்ததும் சாரத்தைப் பிரித்து விடுகிறார்கள். இருதயத்தின் இரத்தக் குழாய்க்குள் வைக்கும் தாங்கியையும் இவ்வாறே, வேலை முடிந்ததும் மறையச் செய்ய இயலுமா? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர். எனினும் ஒரு சொல்லைத் தமிழாக்கப் புகுந்தால் அதன் பொருளை ஆராயாமல் இருக்க முடிவதில்லை.

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு முதலியன படிந்து பாதை குறுகுகிறது. அதனால் நெஞ்சுவலி உண்டாகிறது. பாதை அறவே அடைபட்டால் மாரடைப்பு நேர்கிறது. குறுகிய இடத்தில் சிறு பலூனைச் செலுத்தி, அதை உப்பச் செய்து வழியை விரிக்கும் முறையை 1977-இல் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர் முதன்முதல் இருதயத் தமனியில் கையாண்டார். ஆயினும் விரித்த குழாய் பலருக்கு மீண்டும் சுருங்கியது. அதைத் தடுக்க 1986-இல் பிரான்சில் ழாக் புயேலும், சுவிட்சர்லாந்தில் உல்ரிக் சிக்வார்ட்டும் உலோக வலைக் குழலைப் பொருத்தினர். அதுவே ஸ்டென்ட். இச்சொல் 19-ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த சார்லஸ் ஸ்டென்ட் என்ற பல் மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது என்பர்.

உலோகக் குழலுக்குள்ளும் திசு வளர்ந்து பாதையை அடைக்கலாயிற்று. ஆகவே அதன் மேல் மருந்து பூசினார்கள். முதலில் புகழ் பெற்ற மருந்து சிரோலிமஸ். பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர், பஞ்சாபில் பிறந்து கனடாவில் பணியாற்றிய சுரேந்திர நாத் சேகல் என்பது நாம் பெருமிதத்துடன் நினைக்கத்தக்கது. அம்மருந்து பூசிய ஸ்டென்ட் 1999-இல் பிரேசிலில் முதன்முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

இவ்வளவு முன்னேறியும் ஒரு குறை எஞ்சியது. தமனி சில மாதங்களில் ஆறிவிடுகிறது; உலோகமோ ஆயுள் முழுதும் உள்ளேயே கிடக்கிறது. அவ்விடத்தில் தமனி இயல்பாக விரிந்து சுருங்க முடிவதில்லை. பிற்காலத்தில் அதே இடத்தில் மாற்றுவழி அறுவை செய்ய நேர்ந்தாலும் இடையூறாகலாம். எனவே கரையும் பொருளை விஞ்ஞானிகள் நாடினார்கள். பாலி லாக்டிக் அமிலம் என்னும் செயற்கைப் பொருள், உடலில் மெல்ல மெல்லச் சிதைந்து, முடிவில் நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடுகிறது. தானே கரையும் தையல் நூல்கள் சிலவும் இவ்வினத்தைச் சேர்ந்த பொருளால் ஆனவையே. 1998-இல் ஜப்பானில் ஹிடியோ தமாய் இப்பொருளாலான குழலை மனிதருக்குப் பொருத்தினார். 2006-இல் நியூசிலாந்தில் தொடங்கிய பரிசோதனையில், அப்சார்ப் என்னும் மருந்து பூசிய குழல் பொருத்தப்பட்டது. அது முழுதும் மறைய ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். அதைச் செய்தவர்கள் ஸ்டென்ட் என்றே சொல்லவில்லை. சாரம் எனப் பொருள்படும் சொல்லையே வழங்கினார்கள். 2011-இல் ஐரோப்பாவிலும், 2016-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

நம்பிக்கை பெரிதாயிருந்தது, அனுபவம் வேறாயிற்று. 2,008 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்கப் பரிசோதனையில், இரண்டாண்டு முடிவில் சிகிச்சை பெற்ற இடத்தில் தோல்வி கண்டவர்கள் உலோக ஸ்டென்ட் வைத்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேர். கரையும் சாரம் வைத்தோரில் 11 பேர். இரத்தம் உறைந்து அடைப்பதும் மிகுந்தது. காரணம் எளிது. பிளாஸ்டிக் இனப் பொருளுக்கு உலோகத்தின் வலிமை இல்லை. அதனால் கம்பிகளை ஏறத்தாழ இருமடங்கு தடிப்பாக, 150 மைக்ரான் அளவில் அமைக்க வேண்டியிருந்தது. தடித்த கம்பி சிறிய தமனியில் இரத்த ஓட்டத்துக்குத் தடையாகும். 2017 செப்டம்பரில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. மூன்றாண்டு கடந்து சாரம் கரைந்த பின்னர், அதற்கே உரிய மிகுதியான அபாயமும் ஓய்ந்ததாக அதே பரிசோதனையின் பிற்கால முடிவுகள் காட்டின. எனவே குறை கருத்திலன்று, கருவியில் என்று கருதுவோர் உளர். நம் நாட்டிலேயே மெரில் நிறுவனம் 100 மைக்ரான் தடிப்புள்ள சாரத்தை உருவாக்கியது. மக்னீசியத்தால் ஆன சாரமும் வந்தது. 2024-இல் முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகளுக்கான கரையும் சாரத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் இந்திய அரசு உச்ச விலை விதித்தபோது, மருந்து பூசிய உலோக ஸ்டென்டுக்கும் கரையும் சாரத்துக்கும் ஒரே விலையாக 29,600 ரூபாய் நிர்ணயித்தது. புதியது என்பதனாலேயே ஒரு பொருள் கூடுதல் விலை பெற வேண்டுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

புதியது என்பதனாலேயே அது சிறந்ததும் ஆகிவிடாது. "எத்தனை பேருக்கு வைத்தார்கள்? எத்தனை ஆண்டு கவனித்தார்கள்?" என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை, நல்ல மருத்துவர் அக்கேள்வியை வரவேற்பார். ஏற்கெனவே எவ்வகைத் தாங்கி வைத்துக்கொண்டவராயினும், இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. தாங்கி சீராக்குவது ஓர் அங்குல நீளத்தையே; நோயோ தமனிகள் அனைத்தையும் பற்றக்கூடியது. புகையிலையை விடுதல், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் அடக்கி வைத்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியவற்றை எந்தக் கருவியும் நமக்காகச் செய்து தராது.