பலர் பிழைக்க ஒரு தொழில்



"சமூகத் தொழில்முனைவு" என்ற சொல் இப்போது செய்தித்தாள்களிலும் கூட்டங்களிலும் அடிக்கடி அடிபடுகிறது. சொல் புதியது. ஆனால் அது குறிக்கும் பொருள் தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதியதன்று. அது என்ன, எவ்வாறு நடக்கிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதை இன்று காண்போம்.

ஒரு தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனம் படைத்த ஒருவர் ஒரு மாதத்துக்கு அவர்களின் பசியாறலுக்குப் பணம் தருகிறார். இது தருமம். மாதம் முடிந்ததும் பசி திரும்பிவிடும். இன்னொருவர் பள்ளி வாசலில் நாசி லெமாக் விற்கிறார். இது வியாபாரம். காசுள்ள பிள்ளை வாங்கும். இல்லாத பிள்ளை பார்த்துக்கொண்டு போகும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. தாய்மார்கள் இருவர் சேர்ந்து நாசி லெமாக் செய்து, விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு விற்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஒரு பொட்டலத்துக்கான அரிசி, தேங்காய், நெத்திலி, முட்டை எல்லாம் 1 வெள்ளி 20 காசு. விலை 2 வெள்ளி. 60 பொட்டலம் விற்றால் மிச்சம் 48 வெள்ளி. இருவர் கூலிக்கு 30 வெள்ளி. கேஸ் செலவுக்கும் பாத்திரத் தேய்மானத்துக்கும் 6 வெள்ளி. மீதி 12 வெள்ளி. அந்த 12 வெள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்குப் பொட்டலம் செய்து இலவசமாகக் கொடுத்துவிடலாம். மறுநாளும் கொடுக்கலாம், அடுத்த ஆண்டும் கொடுக்கலாம்.

இதுதான் சமூகத் தொழில்முனைவு. ஒரு குறையைத் தீர்ப்பது அதன் நோக்கம். தொழில் நடத்திச் சம்பாதிப்பது அதன் வழி. உழைத்த தாய்மார்களுக்குக் கூலி உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். கூலி இல்லாமல் சேவை செய்யச் சொன்னால் எத்தனை நாள் செய்வார்கள்? தன் காலில் நிற்காத நல்ல காரியம் நெடுநாள் நடக்காது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்று இலாபம் கண்டார்கள். இதையே தோட்டத் துண்டாடல் என்கிறோம். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அந்த அளவுக்கு அது நாட்டின் கவலையாக இருந்தது.

பெரிய தோட்டத்தில் லயம் உண்டு, மருந்தகம் உண்டு, ஆயாக் கொட்டகை உண்டு, பள்ளி உண்டு. பத்து ஏக்கர் வாங்கியவருக்கு இவையெல்லாம் எதற்கு? அவர் நாலைந்து பேரை வைத்துப் பால் வெட்டிக்கொள்வார். மற்றவர்களுக்கு வேலை இல்லை. வேலை போனால் வீடும் போகும். ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டியது. இரண்டு தலைமுறையாக வாழ்ந்த இடத்தைவிட்டு, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் வெளியேறின.

அந்த நிலையில், 1960ஆம் ஆண்டில், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அப்போது அமைச்சராகவும் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் அதனைத் தொடங்கினார். பின்னாளில் நாம் துன் சம்பந்தன் என்று போற்றும் பெரியவர் அவரே. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பேசினார். "தோட்டம் விற்பனைக்கு வருகிறதா? நாமே வாங்குவோம்" என்பதே அவர் கொண்டுசென்ற செய்தியின் சாரம்.

நாள் கூலி ஒரு சில வெள்ளியே வாங்கிய காலம் அது. பால் வெட்டும் தொழிலாளியிடம் பத்து வெள்ளி கேட்பது சாதாரணக் காரியமா? ஆயினும் மக்கள் பத்து பத்து வெள்ளியாகச் செலுத்திச் சங்கத்தில் பங்கு சேர்ந்தார்கள். சங்கம் முதலில் வாங்கியது கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம். அதன்பின் வேறு தோட்டங்களும் சங்கத்தின் கைக்கு வந்தன. பெரட்டுக்கு நின்ற தொழிலாளி அந்தச் சங்கத்தின் பங்குதாரராகவும் நின்றார்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தோட்டத்தை வாங்கிவிட்டால் மட்டும் போதுமா? ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். செம்பனையும் காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகள் கேட்கும். கிடைத்த இலாபம் முழுவதையும் பங்குதாரர்கள் ஆண்டுதோறும் பிரித்துக்கொண்டால், மரம் கிழடாகும்போது மறுநடவுக்குப் பணம் இருக்காது. தோட்டம் மறுபடியும் விற்பனைக்குத்தான் வரும். ஆகவே நல்ல நோக்கத்தோடு தொழில் நடத்துகிறவர்கள், வெறும் வியாபாரியைவிடக் கூடுதலாகவே கணக்கில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வியாபாரி தவறினால் அவர் பணம் போகும். இங்கே தவறினால் ஏழைகளின் பணமும் போகும், அவர்களின் நம்பிக்கையும் போகும். ஒரு முறை நம்பிக்கை போய்விட்டால், அடுத்து வரும் உண்மையான முயற்சிக்கும் யாரும் கை நீட்டமாட்டார்கள்.

"தோட்டம் வாங்குவதெல்லாம் பெரியவர்கள் காரியம், எங்களால் ஆகுமா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். அவர்களுக்காக ஒரு சிறிய தொடக்கத்தைச் சொல்வோம்.

1959ஆம் ஆண்டு மார்ச் மாதம், இந்தியாவின் பம்பாய் நகரில், கிர்காம் என்ற பகுதியில் ஏழு பெண்கள் கூடினார்கள். அதிகம் படித்தவர்கள் அல்லர். தெரிந்த கைத்தொழில் சமையல் ஒன்றே. 80 ரூபாய் கடன் வாங்கி, மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நான்கு பொட்டலங்கள் தேறின. "நன்கொடை வேண்டாம், தரம் குறையக் கூடாது, இலாபமும் நட்டமும் எல்லாருக்கும் பொது" என்பதைக் கொள்கையாகக் கொண்டார்கள். அதுதான் இன்று லிஜ்ஜத் அப்பளம் என்ற பெயரில் நாம் கடையில் காண்பது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் உழைக்கிறார்கள். அவர்கள் கூலியாட்கள் அல்லர், எல்லாருமே உடைமையாளர்கள். மாவு ஓரிடத்தில் பிசையப்படுகிறது. பெண்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே அப்பளம் இட்டு, திரும்பக் கொண்டுவந்து எடைக்கு ஏற்பப் பணம் பெறுகிறார்கள். தரம் இல்லாத அப்பளம் ஏற்கப்படாது. ஏழ்மையைக் காட்டி அவர்கள் அப்பளத்தை விற்கவில்லை. அப்பளம் நன்றாக இருந்ததால் விற்றது.

இனி நாம் கடைப்பிடிக்க வேண்டியதைக் கூறுவோம். சமூக நலன், சமுதாய முன்னேற்றம் என்று சொல்லி நம்மிடம் பங்குப் பணம் கேட்டு வருகிறவர்கள் பலவகை. உண்மையானவர்களும் உண்டு, சொல் இனித்து, பணம் கசந்த கதைகளும் நம் மக்களிடையே உண்டு. யார் வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது: இது யாருடைய எந்தக் குறையைத் தீர்க்கிறது? இரண்டாவது: எதை விற்று, எப்படிச் சம்பாதிக்கிறது? புதிதாகச் சேர்கிறவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுப்பது தொழில் அன்று. மூன்றாவது: கணக்கை யார் பார்க்கலாம்? கூட்டுறவுச் சங்கம் என்றால், மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும். அங்கே ஆளுக்கு ஓர் ஓட்டு. அதிகப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்றுதான், உங்களுக்கும் ஒன்றுதான். ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், அன்று விருந்து உண்டா என்று மட்டும் பார்க்காமல் கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள்.

படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளையை அருகில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். தருமத்துக்கே அளவு வேண்டும் என்றால், பலர் பிழைக்க நடத்தும் தொழிலுக்கு அந்த அளவுகோல் இன்னும் அதிகமாக வேண்டும் அல்லவா?