கடைக்காரரின் நாணயம்

மன்னர்களைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் நாம் பாட நூல்களில் படிக்கிறோம். பொருள் விற்ற ஒரு கடைக்காரரை மக்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்களா? வைத்திருப்பார்கள். அது எதனால் என்பதை இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

மேல்நாடுகளில் பொம்மைச் சிப்பாய்களைச் சேர்த்து வைப்பதைப் பலர் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். இலண்டன் நகரில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் 1893ஆம் ஆண்டில் இப்பொம்மைகளைச் செய்ய ஒரு புதிய முறையைக் கையாண்டனர். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றினால், அச்சை ஒட்டியிருக்கும் ஈயம் முதலில் உறையும். நடுவில் உள்ளது உறைவதற்கு முன் அச்சைக் கவிழ்த்து அதைக் கொட்டிவிடுவார்கள். உள்ளே கூடான சிப்பாய் கிடைக்கும். ஈயம் மிச்சம், விலையும் குறைவு. ஈயம் நஞ்சு, ஆகையால் இத்தகைய பழைய பொம்மைகளைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது.

அந்தப் பொம்மைகள் இன்று பழம்பொருள்களாக விலைபோகின்றன. பூச்சு பழையதா, நேற்றுப் பூசியதா, ஒடிந்த கையை ஒட்டவைத்திருக்கிறார்களா என்பது வாங்குகிறவருக்கு எளிதில் விளங்காது. விற்கிறவருக்கு விளங்கும். "இது ஒட்டவைத்தது, இதற்கு இவ்வளவு போதும்" என்று தாமாகவே சொல்லும் வியாபாரியை அவர்கள் தேடிப் போகிறார்கள். அவர் மறைந்த பின்னும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

பொம்மைக்கே இப்படியென்றால், அரிசிக்கும் பருப்புக்கும் எப்படி? மூட்டைக்குள் இருப்பது பழைய அரிசியா, கலப்படமா என்பது நமக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும். ஆகவே நாம் வாங்குவது அரிசியை மட்டுமன்று, அவருடைய சொல்லையும் சேர்த்துத்தான்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சிராங்கூன் சாலையில் பி. கோவிந்தசாமிப் பிள்ளை என்ற வணிகர் இருந்தார். பி.ஜி.பி. என்றால் அந்த வட்டாரம் அறியும். தஞ்சை மாவட்டத்து மாயவரம் பகுதியில் 1887இல் பிறந்த அவர், 1905இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். கையில் முதல் இல்லை. மளிகைக் கடை ஒன்றில் சம்பளம் இன்றி, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் மட்டுமாக வேலையில் அமர்ந்தார். பின்னர் செட்டியார் ஒருவரிடம் கடன் பெற்று அந்த வணிகத்தைத் தாமே ஏற்று நடத்தினார். மளிகை, மாவு ஆலை, துணிக்கடை என்று தொழில் பெருகியது.

நேயர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் இல்லாத ஒருவருக்குக் கடன் கொடுப்பவர் எதை நம்பிக் கொடுக்கிறார்? ஆளை நம்பித்தான் கொடுக்கிறார். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. முதற்பொருள் இல்லாதவருக்கு இரண்டாம் பொருளே முதலாகிறது.

ஈட்டியதைப் பிள்ளையவர்கள் பொதுக் காரியங்களுக்கும் வழங்கினார். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலின் கோபுரம் அவருடைய கொடை. அங்குள்ள திருமண மண்டபமும் அவர் பெயரால் 1965இல் திறக்கப்பட்டது. அந்தக் கோயில் 1978இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. தைப்பூசத்தன்று காவடிகள் அந்தக் கோயிலிலிருந்தே புறப்பட்டுத் தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்கின்றன. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து காவடி பார்க்கப் போனவர்கள் அந்தக் கோபுரத்தின் கீழ் நின்றிருப்பார்கள்.

1980இல் அவர் காலமானார். அவருடைய கடைகளும் இன்று இல்லை. 2003 முதல் லிட்டில் இந்தியாவில் நிலத்தடி இரயில் நின்று செல்கிறது. கேம்பல் லேனில் 2015 முதல் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. ஊர் மாறிவிட்டது. பெயர் மட்டும் மறையவில்லை.

இதில் நம் வீடுகளுக்கு என்ன பாடம்? தோட்டங்களில் பற்று எழுதிச் சாமான் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. சம்பளத் தேதியில் கடைக்காரரின் புத்தகம் ஒரு தொகை சொல்லும்; வீட்டில் அதை ஒத்துப் பார்க்கப் புத்தகம் இராது. தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: வீட்டிலும் ஒரு புத்தகம் இருக்கட்டும். வாங்கிய அன்றே பொருள், எடை, விலை மூன்றையும் பிள்ளை எழுதட்டும். பிள்ளைக்குக் கணக்கு வரும். பெற்றோருக்குத் தெளிவு வரும். தராசில் பொருளை வைக்குமுன் முள் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பட்டணத்துக் கடைகளில் விற்பவர்களாக நிற்கிறார்கள். நாளைக்குச் சிலர் சொந்தமாகக் கடை வைப்பார்கள். அறியாத ஒருவர் பணத்தை நீட்டும்போது, அவர் கேட்காத குறையையும் எடுத்துச் சொல்ல அவர்களுக்குப் பழக்குங்கள். அன்றைக்கு நாலு வெள்ளி குறையலாம். வாங்கியவர் மறுபடியும் வருவார். தம் மக்களையும் அழைத்து வருவார்.