செல்லக்கடியும் கடிதான்



நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாடு, ஆடு, கோழி, நாய் என்று எத்தனையோ பார்த்தவன். ஆனாலும் என் வீட்டு நாய்க்குட்டி விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பேத்திக்கு ஏழு வயது. அவள் ஆசைப்பட்டாள் என்று ஒரு நாய்க்குட்டியை எடுத்து வந்தோம். மணி என்று பெயர் வைத்தோம். வந்த நாள் முதல் அது கையைக் கடித்தது. பாவாடையைப் பிடித்து இழுத்தது. பேத்தி முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. கடிக்கும்போதெல்லாம் மூக்கில் ஓர் அடி கொடுத்தேன்.

பத்து நாளில் மணி மாறிவிட்டது. எப்படி? கையைத் தூக்கினாலே பல்லைக் காட்டியது. ஒரு நாள் பேத்தி அதைத் தடவிக் கொடுக்கக் கையை நீட்டினாள். அடிக்க வருகிறாள் என்று அது நினைத்துவிட்டது. நன்றாகவே கடித்தது. இரத்தம் வந்தது.

தவறு யாருடையது? குட்டியுடையதா? இல்லை. என்னுடையது.

குட்டி ஏன் கடிக்கிறது? குழந்தை எதையும் வாயில் வைத்துப் பார்க்கிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். குட்டிக்குக் கை இல்லை. வாய்தான் கை. அதற்கு 28 பால் பற்கள் இருக்கும். ஊசி போல் கூர்மையாக இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கும். புதிய பல் முளைக்கும்போது ஈறு ஊறும். எதையாவது கடிக்கத் தோன்றும். ஆறு, ஏழு மாதத்தில் 42 பற்களும் வந்துவிடும். அதற்குள் நாம் நல்ல பழக்கம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முதல் பாடத்தைச் சொல்லித் தருவது தாய் நாய்தான். குட்டிகள் ஒன்றோடு ஒன்று கடித்து விளையாடும். ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது கத்தும். விளையாட்டை நிறுத்திவிடும். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து போய்விடும். பலமாகக் கடித்தால் விளையாட்டும் இல்லை, பாலும் இல்லை என்று குட்டி தெரிந்துகொள்ளும். அதனால் எட்டு வாரம் ஆகும் வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நாமும் அந்தத் தாய் செய்வதைத்தான் செய்ய வேண்டும்.

குட்டி கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அதற்கு அது விளையாட்டு. கையை அசைக்காமல் வைத்திருங்கள். "வேண்டாம்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அது வாயை எடுத்ததும் எழுந்து திரும்பி நில்லுங்கள். அதைப் பார்க்காதீர்கள், பேசாதீர்கள். அரை நிமிடம் போதும். பிறகு மறுபடி விளையாடுங்கள். மறுபடி கடித்தால் மறுபடி எழுந்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அப்பா அதட்டுவார், மகன் கையைக் கொடுத்துக் கடிக்க விடுவான் என்றால் குட்டி எதைக் கற்கும்?

கடிப்பதற்கு என்று ஒரு பொருளைக் கொடுங்கள். பழைய பருத்தித் துணியை முறுக்கி, பெரிய முடிச்சாகப் போடுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். துணி கிழிந்தால் எடுத்துவிடுங்கள். பழைய செருப்பைக் கொடுக்காதீர்கள். எது பழைய செருப்பு, எது புதிய செருப்பு என்று அதற்குத் தெரியாது.

அடிக்க வேண்டாம். வாயைப் பிடித்து நசுக்க வேண்டாம். அது தின்னும்போதும் தூங்கும்போதும் தொட வேண்டாம். சிறு பிள்ளைகளையும் குட்டியையும் தனியே விட வேண்டாம்.

இனி இன்னொரு முக்கியமான செய்தி. பேத்தியைக் கடித்ததும் பக்கத்து வீட்டு அம்மா மிளகாய் அரைத்து எடுத்து வந்தார். "குட்டிதானே! இதைத் தடவு, சரியாகிவிடும்" என்றார். நான் தடவ விடவில்லை.

குட்டிக்கும் வெறிநோய் வரும். ரேபீஸ் என்பது அதுதான். நோய் உள்ள நாயின் எச்சிலில் கிருமி இருக்கும். கடியிலும் பல் கீறலிலும் அது உடம்புக்குள் போகும். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் உடனே கழுவி, ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய், மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 'நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்' என்று காத்திருக்காதீர்கள். முன்பு வயிற்றைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். அதை நினைத்து இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பழைய ஊசி இப்போது இல்லை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி முதல் நாளிலும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடப்படுகிறது. இரத்தம் வந்த கடி என்றால் காயத்திலும் ஒரு மருந்து போடுவார்கள்.

பேத்திக்கு மூன்று ஊசி போட்டதும் காயம் ஆறிவிட்டது. நான் நான்காவதை மறந்துவிட்டேன். என் மருமகள்தான் ஊசிச் சீட்டை எடுத்து வாசித்தாள். "மாமா, நாளைக்கு 28-ஆம் நாள்" என்றாள். மறுநாள் கூட்டிப் போனோம். நீங்களும் காயம் ஆறியதென்று நிறுத்திவிடாதீர்கள். சீட்டில் உள்ள தேதியைப் பாருங்கள்.

குட்டிக்கும் ஊசி உண்டு. மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். அடுத்த ஊசி எப்போது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள்.

மணியை என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? தெருவில் விட்டுவிடச் சொன்னார்கள். விட்டால் அது வேறொரு பிள்ளையைக் கடிக்கும். நாங்கள் விடவில்லை. கட்டி வைத்து, கண்காணித்தோம். அதற்கு நோய் இல்லை என்று தெரிந்தது. பிறகு தினமும் நானே என் கையால் சோறு வைத்தேன். அடித்த கைதானே பயத்தைப் போக்க வேண்டும்? இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது கையை நீட்டினால் வாலை ஆட்டுகிறது.

குட்டியை அடிக்காமல் பழக்குங்கள். பல் பட்டால் உடனே கழுவுங்கள். ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.