நொண்டி நடக்கும் குழந்தையும் நம் கடமையும்

(விழா மேடையில் ஆற்றிய உரை)

 

நான் ஓர் எலும்பு மருத்துவன். குழந்தைகளின் இடுப்பு மூட்டைத் தாக்கும் ஒரு நோயைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். என் பிழையொன்றைக் கூறியே தொடங்குகின்றேன்.

நான் மருத்துவம் செய்யத் தொடங்கிய நாளில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாயார் அழைத்து வந்தார். முழங்கால் வலி என்றார். முழங்காலைச் சோதித்தேன், எக்ஸ்ரே படமும் எடுத்தேன், குறை ஏதும் தென்படவில்லை. விளையாட்டில் நேர்ந்த சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆறு மாதங்கள் சென்றபின் அவன் நொண்டியபடியே திரும்பி வந்தான். அப்பொழுதுதான் இடுப்பைச் சோதித்தேன். தொடை எலும்பின் தலை நசுங்கத் தொடங்கியிருந்தது. இடுப்பில் உள்ள நோய் முழங்காலில் வலியாகத் தோன்றும் என்பதைப் படித்திருந்தும் அன்று நான் மறந்தேன்.

அந்நோய்க்குப் பெர்த்தீஸ் நோய் என்று பெயர். 1910ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லெக், பிரெஞ்சு நாட்டுக் கால்வே, ஜெர்மானிய நாட்டுப் பெர்த்தீஸ் ஆகிய மூவரும் தனித்தனியே இதனை விளக்கினர். அதற்கு முன்னர் இது மூட்டுக் காசநோய் என்றே கருதப்பட்டு வந்தது. பெரும்பாலும் 4 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளை இது பற்றுகிறது. அவர்களிலும் ஆண் பிள்ளைகளே மிகுதி. நம் நாட்டின் தென்மேற்குக் கடற்கரைப் பகுதியில் இந்நோய் கூடுதலாகவும், சற்றுப் பிந்திய வயதிலும் தோன்றுவதை மணிப்பால் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியுள்ளனர். நோயின் மூலகாரணம் இன்னும் உறுதியாக அறியப்படவில்லை. ஆகவே, எந்தத் தாயும் தன் வளர்ப்பைக் குறை கூறி வருந்த வேண்டுவதில்லை.

இடுப்பு மூட்டு, கிண்ணத்துள் பொருந்திய பந்து போன்றது. பந்தாகிய தொடை எலும்புத் தலைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்படும்பொழுது அவ்வெலும்பு உயிரிழக்கிறது. பின்னர் குருதி மீண்டும் பாய்ந்து, பழைய எலும்பு கரைந்து, புதிய எலும்பு உருவாகிறது. இதற்கு 2 முதல் 4 ஆண்டுகள் வரை ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் பந்து ஈரக் களிமண் போல இளகியிருக்கும். அதன்மேல் சுமை அழுந்தினால் அது தட்டையாகி, அந்த வடிவிலேயே இறுகிவிடும். தட்டையான தலை, நடுவயதிலேயே மூட்டுத் தேய்மானத்திற்கு வழிவகுக்கக் கூடும்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் ஓய்வு, உடற்பயிற்சி, தொடர்ந்த கண்காணிப்பு ஆகியவற்றாலேயே நலம் பெறுகின்றனர். வேறு சிலருக்கு எலும்பை வெட்டித் திருத்தி, பந்தைக் கிண்ணத்துள் நன்கு அடக்கும் அறுவை மருத்துவம் தேவைப்படும். எட்டு வயதைக் கடந்து, மூட்டும் இறுகிப்போன பிள்ளைகள் சிலருக்கு மற்றொரு முறை கைக்கொள்ளப்படுகிறது. அதுவே மூட்டை விலக்கிப் பிடிக்கும் அறுவை மருத்துவம்.

கிண்ணத்திற்கு மேலுள்ள இடுப்பெலும்பிலும் தொடை எலும்பிலும் ஊசிக் கம்பிகளைச் செலுத்தி, உடலுக்கு வெளியே ஒரு சட்டத்தால் அவற்றை இணைப்பர். சட்டத்தின் திருகாணியை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருக, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவில் பந்தும் கிண்ணமும் விலகும். போதிய இடைவெளி உண்டானபின் ஏறத்தாழ நான்கு மாதங்கள் சட்டம் அப்படியே இருக்கும். சட்டத்தில் கீல் அமைந்திருப்பின் காலை மடக்கவும் நீட்டவும் இயலும். உடலின் சுமையையும் தசைகளின் இழுப்பையும் சட்டமே தாங்குவதால், இளகிய தலை நசுங்காமல் புதிய எலும்பு வளர இடம் கிடைக்கிறது.

இதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. கம்பி நுழையும் இடங்களில் சீழ் பிடிக்கலாம். நாள்தோறும் அவற்றைத் தூய்மை செய்தல் வேண்டும். மூட்டு மீண்டும் இறுகலாம். மேலும், இம்முறை பற்றி வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறு எண்ணிக்கையிலான பிள்ளைகளைக் கொண்டவை. பிற முறைகளினும் இதுவே சிறந்தது என்று அவை நிறுவிவிடவில்லை. எனவே, குழந்தை எலும்பு மருத்துவ வல்லுநர் இருவரையேனும் கலந்து முடிவெடுங்கள்.

அச்சிறுவனின் பெற்றோர் அவ்வாறே ஆராய்ந்து இம்முறையை ஏற்றனர். அவன் தாயார் நான்கு மாதம் ஒரு நாளும் தவறாது கம்பிகளைத் துடைத்துக் காத்தார். இன்று அவன் வளர்ந்து வேலைக்குச் செல்கின்றான். நடையில் சிறு சாய்வு உண்டு. நெடுநேரம் சம்மணமிட்டு அமர இயலாது. ஆறு மாதம் முன்னரே நான் கண்டறிந்திருந்தால் முழு நலம் பெற்றிருப்பான் என உறுதி கூற இயலாது. ஆயினும், அவன் இழந்த அந்த ஆறு மாதம் என்னால் நேர்ந்தது.

ஆதலின் உங்களிடம் ஒன்று வேண்டுகின்றேன். பந்தியிலோ வழிபாட்டிலோ குழந்தை சம்மணமிட மறுத்தால், பிடிவாதம் என்று அதட்டாதீர்கள். வலியின்றி நொண்டினாலும், அது வழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் சென்றால், "ஐயா, இடுப்பையும் ஒருமுறை பாருங்கள்" என்று தயங்காது கேளுங்கள். அன்று அந்தத் தாய் என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால், நான் அவருக்கு என்றும் நன்றியுடையவனாய் இருந்திருப்பேன்.