தேர்வறை வாயிலில் எழும் அச்சம்



பத்தாண்டு நிறைவு விழாவில் எனக்கு அளிக்கப்பெற்ற பொருள், நடிப்புத் தேர்வுக்கு முன் எழும் நடுக்கத்தை ஆளுதல் என்பது. கவிதை வளர்க்கும் வட்டத்தில் நடிப்புக்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். முதன்முறை கவியரங்கம் ஏறுபவருக்கும், நாடகக் குழுவின் தேர்வறை வாயிலில் காத்திருப்பவருக்கும் நா வறள்வது ஒன்றுபோலத்தான். ஆதலின் இப்பொருள் நமக்கும் உரியதே.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் களங்கள் நான்கு என்றார். வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், இறை என்பன அவை. இறை என்றது நம்மீது அதிகாரம் உடையோரை. தேர்வறையில் எழும் நடுக்கம் இந்த நான்காம் வகையைச் சார்ந்தது என்பது என் கருத்து. மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் இருவர் மூவரை, நம் தகுதி முழுவதற்கும் தீர்ப்பளிக்கும் இறையாக நாமே உயர்த்திக்கொள்கிறோம். நடுக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் ஒரு தேர்வின் வரலாறே. ஏழாண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன்முன் ஆடிக் காட்டுகிறாள். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அவள் அஞ்சினாளா என்பதை இளங்கோவடிகள் சொல்லவில்லை. வலக்காலை முன்வைத்து அரங்கேறினாள், மரபுப்படி வலப்பக்கத் தூணருகே நின்றாள் என்பதைச் சொல்கிறார். மனம் எத்துணை அலைந்தாலும் கால் செல்ல வேண்டிய இடம் முன்னரே முடிவாகியிருந்தது. ஒழுங்காகப் பழகிய ஒரு தொடக்கம், அஞ்சும் உடலுக்கு ஊன்றுகோல் ஆகிறது.

வள்ளுவரின் அதிகார வைப்பும் கருதத்தக்கது. ‘அவையறிதல்’ முன்னும் ‘அவையஞ்சாமை’ பின்னுமாக நிற்கின்றன. அவையை உள்ளவாறு அறிந்தவனுக்கே அஞ்சாமை வாய்க்கும் என்று இவ்வைப்புக்குப் பொருள் கொள்ளலாம். தேர்வாளர் யார்? தமக்கு வேண்டிய ஒரு நடிகரைத் தேடி அமர்ந்திருப்பவர். உள்ளே வருபவர் நன்றாகச் செய்தால் அவருடைய தேடல் முடிகிறது. 1959-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தில்லி தேசிய நாடகப் பள்ளியின் சேர்க்கையில், முதற்கட்டத்தைக் கடந்தோரைச் சில நாள்கள் பட்டறையில் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஒரு நொடித் தடுமாற்றத்தைப் பிடிப்பதே நோக்கமாயின் பட்டறை எதற்கு?

பழகிவிட்டால் அச்சம் அறவே நீங்கும் என்று நம்புவதும் வேண்டா. ஆங்கில நாடக உலகின் தலைமகனாகக் கருதப்பெற்ற லாரன்ஸ் ஒலிவியர், புகழின் உச்சியில் இருந்த 1960-களில் மேடையச்சத்தால் பெரிதும் வருந்தினார். உடன் நடிப்போரிடம் தம் கண்களைப் பார்க்க வேண்டாம் என வேண்டிக்கொள்ளும் அளவுக்கு அது சென்றது. ஆயினும் அவர் மேடையை விட்டு விலகவில்லை. அச்சத்தோடேயே நடித்தார்.

அச்சத்தை அடக்குவதைவிட அதன் பெயரை மாற்றுவது எளிது. 2014-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கோ பேசுவதற்கோ முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டோரைவிட, ‘நான் கிளர்ச்சியோடு இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டோர் சிறப்பாகச் செய்தனர். நெஞ்சு படபடத்தல் அச்சத்துக்கும் உண்டு, உவகைக்கும் உண்டு. மெய்ப்பாட்டியல் பயின்ற நமக்கு இது புதிதன்று.

இரஷ்ய நாடக ஆசான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகனின் கவனத்துக்கு ஒரு சிறு வட்டம் வகுத்துக்கொள்ளச் சொன்னார். கையிலுள்ள கடிதம், எதிரிலுள்ள நாற்காலி, பாத்திரம் அந்நொடியில் வேண்டுவது யாது என்னும் வினா ஆகியவற்றோடு வட்டம் முடிகிறது. ‘என்னை என்ன நினைப்பார்கள்?’ என்னும் எண்ணத்துக்கு அதனுள் இடமில்லை.

தேர்வுக்குச் செல்லும் மாணவியருக்கு நான் சொல்வன சிலவே. முதல் இரண்டு வரிகளை உறக்கத்திலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். முன்னதாகவே சென்று இடத்தைப் பாருங்கள். உள்ளிழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சு நீளட்டும். சொல் மறந்தால் நின்று, முந்தைய வாக்கியத்திலிருந்து தொடருங்கள். முடிவு எதுவாயினும் அதைப் பாத்திரப் பொருத்தம் பற்றிய செய்தியாக ஏற்றுக்கொள்ளுங்கள். அகவை, உயரம், குரல், உடன் நடிப்பவரோடு இசைவு எனப் பலவும் கூடித்தான் ஒருவர் தேர்வாகிறார்.

இறுதிச் செய்தியை அவர்கள் எளிதில் ஏற்பதில்லை. வீட்டில் பலநாள் மன்றாடி ஒரு தேர்வுக்கு இசைவு பெற்ற பெண்ணுக்கு, இரண்டாம் வாய்ப்பு அரிது. அந்த ஒரு நாளின் நடுக்கத்தில் குரல் அடைபட்டால், ‘எனக்கு ஆற்றல் இல்லை’ என்று எழுதிவைத்துக்கொண்டு அவள் திரும்பிவிடுகிறாள். அவள் பாடத் தவறிய பாட்டையும் நடிக்காத பாத்திரத்தையும் இழந்தவர்கள் நாமும்தான்.

ஆகவே என் வேண்டுகோள் தேர்வாளர் இருக்கையில் அமரும் உங்களுக்கும் உரியது. புதிதாக வருபவர் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டா. ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். தடுமாறினால், ‘மீண்டும் தொடங்குங்கள்’ என்று சொல்லுங்கள். அந்த இரண்டு சொற்களில் இறை மறைந்து மனிதர் வெளிப்படுகிறார். தொல்காப்பியர் சொன்ன நான்காம் களம் அக்கணமே இல்லாமற் போகிறது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம், இச்சொற்களைத் தயங்காமல் சொல்லும் அவையாக விளங்கட்டும்.