விதியைக் காட்டும் கருவிக்கு விளக்கம் தேவை



அரசின் சேவைகளில் பெரும்பகுதி இன்று இணையதளங்களின் வழியே மக்களைச் சென்றடைகிறது. ஓய்வூதியம், வருமானச் சான்று, பயிர்க் காப்பீடு, கல்வி உதவித்தொகை ஆகிய பலவற்றுக்கும் விண்ணப்பம் அவ்வழியே பெறப்படுகின்றது. இத்தளங்களின் வாயிலில் ‘ஃபயர்வால்’ என்னும் காவல் மென்பொருள் நிற்கின்றது. உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் விதிகளோடு ஒப்பிட்டு, ஐயத்துக்கு இடமளிப்பதைத் தடுத்து நிறுத்துவது அதன் பணியாகும். அவ்விதிகள் யாவை, அவற்றுள் எது எதனைத் தடுத்தது என்று தேடிச் சொல்லும் வேலை இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர்களிடமும் ஒப்படைக்கப்பட்டு வருகிறது. அம்முகவர்கள் கையாளும் கருவிகளுக்குச் செம்மையான விளக்கக் குறிப்பு எழுதுதல் ஏன் இன்றியமையாதது என்பதே இவ்வுரையின் பொருள்.

உலகெங்கும் பயன்படும் விதித்தொகுப்புகளுள் ஒன்று, 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘ஓவாஸ்ப்’ அமைப்பின் ‘கோர் ரூல் செட்’ ஆகும். இதில் ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண் உண்டு. 942 எனத் தொடங்கும் விதிகள் தரவுத்தளத்தைத் தாக்கும் கட்டளைகளையும், 941 எனத் தொடங்குவன பக்கத்தினுள் புகுத்தப்படும் தீய நிரல்களையும் தேடுகின்றன. கண்டிப்பின் அளவு 4 நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. மிகக் கடுமையெனக் குறிக்கப்பட்ட விதி ஒன்று பொருந்தினால் 5 புள்ளிகள் சேரும். இயல்பான அமைப்பில் 5 புள்ளிகளை எட்டிய கோரிக்கை தடுக்கப்படும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 3ஆம் நிலையிலிருந்து செயற்படும் 920272 என்னும் விதி, ஆங்கில எழுத்து, எண், வழக்கமான குறிகள் ஆகியவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்ட எழுத்துகளை ஐயுறுகின்றது. இந்திய மொழி எழுத்துகள் யாவும் அந்த எல்லைக்கு அப்பால் உள்ளவை. ஆகவே, வங்கத்துச் சிற்றூரில் ஒருவர் தம் பெயரையும் ஊரையும் தாய்மொழியில் எழுதி அனுப்பினால், அக்கண்டிப்பில் இயங்கும் தளம் அவரைத் தாக்க வந்தவராகக் கருதித் திருப்பி அனுப்பக்கூடும். அவருக்குக் காரணம் தெரியாது. அவருடைய விண்ணப்பம் அலுவலகத்தையும் சென்றடையாது. அரசியலமைப்பின் 8ஆம் அட்டவணையில் 22 மொழிகளைக் கொண்டுள்ள நாட்டில் இது சிறு குறையன்று.

இக்குறையைக் களையும் முறை எளிது. பெயர், முகவரி போன்ற குறிப்பிட்ட கட்டங்களுக்கு மட்டும் அவ்விதியிலிருந்து விலக்கு அளித்தால் போதும். ஆனால் எந்த விதி தடுத்தது என்பதை முகவர் சரியாகக் கண்டறியாவிடில், காவல் முழுவதையும் தளர்த்துமாறு அது பரிந்துரைக்கக்கூடும். ஒருவருக்குக் கதவைத் திறக்கப்போய் மதிலையே இடித்த கதையாகிவிடும்.

முகவருக்கும் கருவிக்கும் இடையேயுள்ள தொடர்பை ஒழுங்குபடுத்த, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கருவியும் தன் பெயர், தன் பணி பற்றிய விளக்கம், தான் ஏற்கும் உள்ளீடுகளின் வடிவம் ஆகியவற்றை அறிவிக்கின்றது. எழுத்தர் ஒருவர் ஐயம் எழுந்தால் மேலதிகாரியிடம் கேட்பார். முகவரோ பெரும்பாலும் அக்குறிப்பில் உள்ளதைக் கொண்டே முடிவு செய்கின்றது. எனவே விளக்கக் குறிப்பு கருவியின் இணைப்பன்று. கருவியின் ஓர் உறுப்பே எனலாம்.

நல்ல குறிப்பில் சில செய்திகள் தவறாது இடம்பெற வேண்டும். கருவி காட்டுவது ஒரு தளத்துக்குரிய விதிகளையா, நிறுவனம் முழுமைக்கும் உரிய விதிகளையா என்பது முதலாவது. விதிகள் எந்த வரிசையில் செயற்படுகின்றன, விலக்குகளும் உடன் காட்டப்படுகின்றனவா என்பது இரண்டாவது. பட்டியல் நீண்டதாயின் எத்தனை பகுதிகளாக வரும் என்பது மூன்றாவது. முதற்பகுதியை மட்டும் படித்து அதுவே முழுமை என முகவர் கொள்ளுதல் கூடாது. நான்காவது, வெறும் பட்டியல் வந்தால் அதன் பொருள் என்ன என்பதாகும். ‘விதி இல்லை’ என்பதும் ‘விதியைப் பார்க்க உரிமை இல்லை’ என்பதும் ஒரே விடையாக வருமானால், காவலுள்ள தளத்தைக் காவலற்றது என முகவர் அறிவித்துவிடும்.

படிக்கும் கருவியும் மாற்றும் கருவியும் தனித்தனியே இருத்தல் வேண்டும். ‘இது படிக்க மட்டுமே’ என்று குறிப்பிட மேற்கூறிய நெறிமுறையில் வழியுண்டு. எனினும் அது ஓர் அறிவிப்பே, பூட்டு அன்று. முகவருக்கு வழங்கப்படும் அனுமதிச் சாவியே மாற்றும் உரிமையற்றதாக இருப்பதுதான் உண்மையான காப்பு. விதி திருத்தம் பொறுப்புள்ள அலுவலரின் ஒப்புதலோடு நடைபெறுவதே முறை.

விதிப்பட்டியல் காவலரின் சுற்றுப்பாதையைக் காட்டும் வரைபடம் போன்றது. விலக்களிக்கப்பட்ட முகவரிகளும் அதில் அடங்கியிருக்கும். பிறர் கைக்குச் சென்றால் தீங்கு விளையும். மேலும், தடுக்கப்பட்ட கோரிக்கைகளின் பதிவில் தாக்குபவர் எழுதிய சொற்களும் இருக்கும். அவற்றைத் தனக்கிடப்பட்ட கட்டளையாக முகவர் கொள்ளாதிருக்க, அவை ஆராய்வதற்குரிய தரவு மட்டுமே எனக் குறிப்பு எச்சரித்தல் நன்று. ஆயினும் எச்சரிக்கை மட்டும் போதுமான காப்பாகாது. சாவியின் வரம்பே இங்கும் கைகொடுக்கும். இந்தியக் கணிப்பொறி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, கணிப்பொறி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் பேணவும், குறிப்பிட்ட பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பணிக்கின்றது. முகவர் எந்தக் கருவியை எப்போது அழைத்தது என்பதும் அப்பதிவுகளோடு பேணப்படுதல் பொருத்தமாகும்.

கருவி செய்வோர் குறிப்பெழுதும் பணியை இறுதி நாளில் முடிக்கும் சடங்காகக் கருதுதல் தகாது. அச்சில வரிகளின் தெளிவைப் பொறுத்தே, தாய்மொழியில் எழுதப்பட்ட ஒரு விண்ணப்பம் உள்ளே செல்வதும், தீங்கிழைப்பவர் வெளியே நிற்பதும் அமையும்.